எது பழுதானால் எது மிஞ்சும்?

அமெரிக்காவில் தனியார் வைத்திருக்கும் சிறு விமானங்களில் பெரும்பகுதி வயதானவை. கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரைச் சேர்ந்த செஸ்னா நிறுவனம் 1956 முதல் விற்றுவரும் 172 என்ற நான்கு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். இதுவரை 44,000-க்கும் மேல் உருவாகியிருக்கின்றன. உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. இவற்றில் மிகப் பல அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்தவை. விபத்து நஷ்டஈட்டு வழக்குகளின் பாரம் தாங்காமல் 1986-ல் செஸ்னா சிறு பிஸ்டன் விமான உற்பத்தியையே நிறுத்திவிட்டது. தயாரிப்பாளரின் பொறுப்புக்குப் பதினெட்டு ஆண்டு வரம்பு வைத்த சட்டம் 1994-ல் வந்த பிறகுதான், 1996-ல் உற்பத்தி மீண்டது. இன்றைக்கும் ஒரு புது 172-இன் விலை நடுத்தர வருமானக்காரருக்கு எட்டாது. எனவே ஐம்பது வயது விமானத்தை வாங்கி, எஞ்சினைப் புதுப்பித்து, வண்ணம் பூசி ஓட்டுகிறவர்களே அதிகம். அப்படி ஒருவர் அடுத்துக் கைவைக்க நினைப்பது விமானியின் கண்ணெதிரே இருக்கும் கருவிப்பலகையில். அந்தப் பலகையை மாற்ற எப்படித் திட்டமிட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். எந்தத் திரையை வாங்கலாம் என்று தொடங்குகிற திட்டம் பெரும்பாலும் தவறான இடத்தில் முடிகிறது. எது பழுதானால் எது மிஞ்சும் என்று தொடங்குகிற திட்டம், குறைந்த பணத்திலும், விமானியை உயிரோடு தரையிறக்குகிற பலகையைத் தரும். இது என் உறுதியான கருத்து.

கருவிப்பலகை ஏன் இத்தனை முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள 1929-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் நியூயார்க்கின் மிச்சல் ஃபீல்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தைக் கிளப்பி, சுற்றி, இறக்கினார். ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கைத் தொடுவானமும் திசைச் சுழலியும், கோல்ஸ்மனின் நுட்பமான உயரமானியும் அன்று அவருக்குத் துணை. மேகத்துக்குள் போன மனிதனின் காதும் உடம்பும் பொய் சொல்லும், கருவி பொய் சொல்லாது என்பதை அந்தப் பறப்பு நிரூபித்தது. அதன் வாரிசுதான் எழுபதுகளின் செஸ்னாவில் விமானிக்கு நேரெதிரே இரண்டு வரிசையாக நிற்கும் ஆறு வட்டக் கருவிகள்: வேகமானி, செயற்கைத் தொடுவானம், உயரமானி, கீழே திருப்பங்காட்டி, திசைச் சுழலி, ஏற்ற இறக்க வேகமானி. அமெரிக்க விமானிகள் இதைச் செல்லமாக ‘சிக்ஸ் பேக்’ என்பார்கள்.

இந்த ஆறும் ஒரே உணவை உண்பதில்லை. வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்க வேகமானி மூன்றும் காற்றழுத்தத்தால் இயங்குபவை; இறக்கைக்குக் கீழே நீட்டியிருக்கும் பீட்டோ குழாயும், உடலின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையும் அவற்றுக்குச் செய்தி தருகின்றன. தொடுவானமும் திசைச் சுழலியும் எஞ்சினோடு இணைந்த வேக்குவம் பம்ப் உறிஞ்சும் காற்றால் சுழல்கின்றன. திருப்பங்காட்டி மட்டும் மின்சாரத்தில் ஓடுகிறது. இது தற்செயல் அல்ல. பம்ப் நின்றால் திருப்பங்காட்டி மிஞ்சட்டும், மின்சாரம் போனால் தொடுவானம் மிஞ்சட்டும், குழாய் அடைத்துக்கொண்டால் சுழலிகள் மிஞ்சட்டும் என்று அன்றைய வடிவமைப்பாளர்கள் யோசித்துப் பிரித்து வைத்த ஏற்பாடு அது. பளபளக்கும் ஒரே திரையில் எல்லாவற்றையும் காட்டலாம் என்ற வசதி வந்ததும் பலர் முதலில் மறந்துவிடுவது இந்தப் பிரிவினையைத்தான். பழைய பலகையின் கருவிகள் காலாவதியாகியிருக்கலாம்; அதன் பின்னால் இருந்த சிந்தனை காலாவதியாகவில்லை.

பழைய ஏற்பாட்டின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். அது வேக்குவம் பம்பில் இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் ஓடும் இந்த உலர் பம்புக்குள், கார்பனால் ஆன தகடுகள் தேய்ந்துகொண்டே சுழல்கின்றன. தேய்மானம் எல்லை தாண்டினால் ஒரு நொடியில் உடைந்து நிற்கும், முன்னறிவிப்பு கிடையாது. அதைவிடக் கொடியது அதற்குப் பிறகு நடப்பது. பம்ப் நின்ற உடனே தொடுவானச் சுழலி நிற்பதில்லை. சில நிமிடங்கள் வேகம் குறைந்துகொண்டே சுழன்று, மெல்ல மெல்லச் சாயும். மேகத்துக்குள் இருக்கும் விமானி, சாய்வது விமானம்தான் என்று நம்பி அதைச் சரிசெய்யப் போய், நேராகப் போய்க்கொண்டிருந்த விமானத்தைத் தானே கவிழ்ப்பார். பம்பு ஓடிக்கொண்டிருந்தாலும் பழைய சுழலி தானாகவே பழுதாகலாம். 2000 அக்டோபர் 16 இரவு மிசூரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான் பயணம் செய்த செஸ்னா 335 விழுந்து நொறுங்கியபோது, அதை ஓட்டியவர் அவருடைய மகன். மேகத்துக்குள் விமானிக்கு ஏற்பட்ட புலன் மயக்கமே காரணம் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். விமானியின் பக்கத்துத் தொடுவானக் கருவி பழுதானதும், மோசமான வானிலையும் அதற்குத் துணைபோயின என்றது. வலப்பக்க இருக்கைக்கு எதிரே இன்னொரு தொடுவானம் இருந்தது. ஆனால் கொந்தளிக்கும் மேகத்தில் தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்து ஓட்டுவது வேறு, கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து ஓட்டுவது வேறு. மாற்றுக் கருவி இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் உயிர் விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் புதிய மின்னணுத் திரைகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? சான்றுகள் அவ்வளவு எளிதாக ஆம் என்று சொல்லவில்லை. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத இருபது பேரை ஒரு பீச்கிராஃப்ட் போனான்சாவில் ஏற்றி, மேகத்துக்குள் போனதைப் போல வெளிப்பார்வையை மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடிகள். அந்தச் சோதனையின் அடுத்த பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதே ஆட்களுக்கு, அதே எளிய கருவிகளை வைத்து, பின்னோக்கித் திரும்பி வெளியேறும் ஒரே ஒரு முறையைப் பயிற்றுவித்த பிறகு, ஏறக்குறைய எல்லா முயற்சியிலும் அவர்கள் வெற்றி பெற்றார்கள். விமானத்தில் எதுவும் மாறவில்லை, மனிதர்தான் மாறியிருந்தார். 1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிச் சென்ற பைப்பர் சரடோகா மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. அது நல்ல கருவிகளும் ஆட்டோபைலட்டும் கொண்ட விமானம். மூடுபனிபோல் மங்கிய, இருண்ட இரவில் கடலுக்கு மேல் அவருக்குப் புலன் மயக்கம் ஏற்பட்டதே காரணம் என்றது வாரியம். கருவி மட்டுமே பார்த்துப் பறக்கும் தகுதிச் சான்றிதழை அவர் இன்னும் பெற்றிருக்கவில்லை.

தனி நிகழ்வுகளை வைத்து வாதாடக் கூடாது என்று கருதுவோருக்கு 2010-இன் ஆய்வு இருக்கிறது. 2002 முதல் 2006 வரை உருவான 8,000-க்கும் மேற்பட்ட சிறு பிஸ்டன் விமானங்களை அதே வாரியம் ஒப்பிட்டது; ஒரு பக்கம் மரபான வட்டக் கருவிகள் கொண்டவை, இன்னொரு பக்கம் மின்னணுத் திரைகள் கொண்டவை. திரை விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. ஆனால் உயிர்ப்பலி விபத்துகளின் விகிதம் அதிகம். பாதுகாப்பு கூடியதாக ஆய்வு காணவில்லை. இதை வைத்துத் திரைகள் கொல்கின்றன என்று முடிவுகட்டுவது பிழை. திரை விமானங்கள் நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலைப் பறப்புகளுக்கும் அதிகம் போயின என்பதை ஆய்வே சொல்கிறது. கருவி தந்த தைரியம் அவற்றை அங்கே அழைத்துச் சென்றிருக்கலாம் என்று நான் படிக்கிறேன். வாரியத்தின் பரிந்துரைகள் பெரும்பாலும் பயிற்சியைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது: ஒவ்வொரு கருவிக்கும் உரிய பயிற்சி வேண்டும், பழுதானால் எப்படித் தெரியும் என்பதை விமானி அறிந்திருக்க வேண்டும் என்றது. ஆகவே, பலகைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பயிற்றுநரின் மணிநேரங்களுக்கு எழுதி வைக்காத திட்டத்தை நான் திட்டமாகவே எண்ணமாட்டேன்.

இனி ஒரு குறிப்பிட்ட விமானத்தை வைத்துப் பேசுவோம். 1973 முதல் 1976 வரை வந்த 172எம். 150 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின், 14 வோல்ட் மின்சாரம், 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். பலகையில் ஆறு வட்டங்கள், இரண்டு பழைய வானொலிகள், எப்போதோ உயிர்விட்ட ஒரு திசையறி வானொலி, 2010-ல் அமெரிக்கா நிறுத்திவிட்ட லோரான் வழிகாட்டலுக்கான பெட்டியின் எச்சம். உரிமையாளர் முதலில் செய்ய வேண்டியது விலைப்பட்டியல் பார்ப்பதல்ல. ஒரு தாளை எடுத்து, கடந்த ஆண்டு உண்மையில் எப்படிப் பறந்தோம் என்று எழுதுவதுதான். வெயில் நாளில் பக்கத்து ஊருக்குக் காலை உணவுக்குப் போய் வந்தவருக்கும், மாதம் இருமுறை மேகத்துக்குள் ஏறி இறங்குபவருக்கும் ஒரே பலகை தேவையில்லை. அடுத்து, அதே தாளில் நான்கு பழுதுகளை வரிசையாக எழுத வேண்டும்: வேக்குவம் போனால், ஆல்டர்னேட்டர் போனால், பீட்டோ குழாய் உறைந்தால், ஜிபிஎஸ் போனால். ஒவ்வொன்றுக்கும் எதிரே எது அணையும், எது மிஞ்சும், மிஞ்சியதை வைத்து எவ்வளவு நேரம் பறக்க முடியும் என்று நிரப்ப வேண்டும். தாளில் எங்கே வெற்றிடம் விழுகிறதோ அங்கேதான் முதல் பணம் போக வேண்டும். வட்டக் கருவிகள் கொண்ட 172எம்-இல் அந்த வெற்றிடம் எங்கே விழும் என்பது இப்போது வாசகருக்கே தெரிந்திருக்கும்: தொடுவானமும் திசையும் ஒரே பம்பை நம்பி நிற்கும் இடத்தில்.

2016-க்கு முன் இந்த வெற்றிடத்தை மலிவாக நிரப்ப வழியில்லை. அமெரிக்க விமானச் சட்டத்தின்படி சான்றிதழ் பெற்ற விமானத்தில் எந்தப் பொருளையும் விருப்பம்போல் பொருத்த முடியாது. அந்த ரகத்துக்கு அதைப் பொருத்தலாம் என்ற துணைச் சான்றிதழோ வேறு முறையான ஒப்புதலோ வேண்டும். வீட்டில் கட்டிய சோதனை விமானங்களுக்கு இந்தத் தடை இல்லாததால், ஒரே கருவி அவற்றில் மலிவாக ஓடிக்கொண்டிருக்க, சான்றிதழ் விமானக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதுகாப்பைக் கூட்டும் கருவிக்கு எதற்கு இத்தனை வேலி என்ற கேள்வி வலுத்தது. 2016-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தன் கொள்கையைத் தளர்த்தியது. அதே ஆண்டு, சோதனை விமானச் சங்கத்தின் முயற்சியால் டைனான் டி10ஏ என்ற மின்னணுத் தொடுவானத்துக்குச் செஸ்னா 172 உட்பட்ட சில ரகங்களில் பொருத்த ஒப்புதல் கிடைத்தது. சில மாதங்களில் கார்மின் ஜி5-உம் வந்தது. பழைய வட்டத் துளையிலேயே உட்காரும் அளவுள்ள இக்கருவிகளுக்குள் பல ஆண்டுகள் தேயாத திண்ம உணரிகள் இருக்கின்றன. பழுதானால் மெல்லச் சாய்ந்து ஏமாற்றுவதில்லை; பெரும்பாலும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, என்னை நம்பாதே என்று சொல்லிவிடும். ஜி5-க்கு அதன் முதுகிலேயே ஒரு பேட்டரி உண்டு. நான்கு மணிநேரம் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். தொடுவான இடத்தில் ஒன்றும் அதற்குக் கீழே திசைக்கு ஒன்றும் வைத்தால், வேக்குவம் பம்பையும் அதன் குழாய்களையும் மொத்தமாகக் கழற்றிவிடலாம். எடை குறையும், எஞ்சினின் ஒரு கவலை குறையும். பயணத்துக்காகப் பறக்கும் சாதாரண 172 உரிமையாளருக்கு, என் கணக்கில், இதைவிடப் பெறுமதியான முதல் படி வேறில்லை.

ஆனால் பம்பைக் கழற்றிய கணத்தில் தாளை மறுபடி நிரப்ப வேண்டும். இப்போது பாரம் முழுவதும் மின்சாரத்தின் மேல் விழுந்துவிட்டது. பழைய வீட்டை வாங்கியவர் சுவருக்கு வண்ணம் பூசும் முன் உள்ளே ஓடும் ஒயரிங்கைப் பார்ப்பதைப் போல, பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் வந்து போன ஒவ்வொரு பெட்டியும் அறுத்து விட்டுச் சென்ற ஒயர்கள், இற்றுப்போன காப்புறை, சரியாகப் பிடிக்காத எர்த் இணைப்பு, விசை தளர்ந்த சர்க்யூட் பிரேக்கர் இவைதான் புதிய கருவிகளின் உண்மையான எதிரிகள். தரையிறங்கும் விளக்கு, வால் விளக்கு, இறக்கை விளக்குகளை எல்இடி-க்கு மாற்றினால் ஆல்டர்னேட்டருக்குப் பெரும் பாரம் குறையும். யாரும் திரும்பிப் பார்த்து வியக்கமாட்டார்கள், ஆனால் பலகைத் திட்டத்தில் இதுவும் ஒரு வரி. ஆல்டர்னேட்டர் நின்றால் உடனே தெரிவிக்கும் குறைமின்னழுத்த எச்சரிக்கை விளக்கு வேண்டும். பேட்டரி இறங்கிய பிறகு தெரிவது தாமதம். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இரண்டு மின்னணுக் கருவிகள் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே பீட்டோ குழாய்தான் செய்தி தருகிறது. சில கருவிகள் தொடுவானத்தைக் கணக்கிடும்போதுகூட காற்றுவேகத்தையோ ஜிபிஎஸ்-ஐயோ துணைக்கு எடுத்துக்கொள்கின்றன. பார்வைக்கு இரண்டாக இருப்பது பழுதின் கண்ணில் ஒன்றாக இருக்கலாம். நாம் வாங்கப் போகும் கருவி எதை நம்பி நிற்கிறது என்பதை அதன் நிறுவல் கையேட்டில் தேடிப் படிக்காமல் இரட்டைக் காப்பு இருப்பதாக நம்புவது ஆபத்து. விலை வேறுபட்டாலும், இரண்டாவது கருவியை வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்குவதை ஆதரிக்கும் வாதம் இங்கேதான் வலுவாகிறது: ஒரே மென்பொருள் பிழை இரண்டையும் ஒரே நேரத்தில் வீழ்த்தாது.

அடுத்த படியில்தான் கருத்து வேறுபாடு கடுமையாகிறது. பெரும்பாலான உரிமையாளர்களின் கண் அடுத்துப் போவது பெரிய வண்ண வரைபடம் கொண்ட ஜிபிஎஸ் வழிகாட்டிக்கு. அதற்கு நியாயம் உண்டு. 2003-ல் அமெரிக்கா தொடங்கிய வாஸ் என்ற திருத்தச் செயற்கைக்கோள் சேவையால், தரையில் எந்த வானொலிக் கருவியும் இல்லாத சிறு விமான நிலையங்களில்கூட, பல இடங்களில் தரைக்கு இருநூறு அடி வரை வழிகாட்டப்பட்டு இறங்க முடிகிறது. மேகத்துக்குள் பறப்பவருக்கு இது ஆடம்பரம் அல்ல. ஆயினும் தனியாகப் பறக்கும் விமானிக்கு வழிகாட்டிக்கு முன், அல்லது குறைந்தது அதோடு சேர்த்து, இரண்டு அச்சுகளிலும் விமானத்தைப் பிடிக்கும் ஆட்டோபைலட் வேண்டும் என்பேன். கட்டுப்பாட்டு அலுவலர் புதிய வழியை வாசிக்கும்போது, விமானி எழுத வேண்டும், பெட்டியில் விசைகளை அழுத்த வேண்டும், விமானத்தையும் நேராகப் பிடிக்க வேண்டும். கை இரண்டுதான், கவனம் ஒன்றுதான். பெரிய வழிகாட்டி அந்தச் சுமையைக் கூட்டுகிறது, ஆட்டோபைலட் குறைக்கிறது. இன்றைய கருவிகள் சிலவற்றில் ஒரே ஒரு விசை இருக்கிறது. அழுத்தினால் விமானம் இறக்கைகளைச் சமன்செய்து மட்டமாகப் பறக்கத் தொடங்கும். அந்த 178 நொடிகளை நினைத்துப் பார்த்தால், பலகையில் இத்தனை பொருத்தமான ஒரு பொத்தான் வேறு இருக்க முடியாது. ஜிபிஎஸ் வந்தாயிற்றே என்று, தரை நிலையங்களை வைத்து வழிகாட்டும் பழைய விஓஆர் வானொலியைக் கழற்றிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. நியூ மெக்சிகோ போன்ற இடங்களில் ராணுவச் சோதனைகளுக்காக ஜிபிஎஸ் சமிக்ஞை பரந்த வட்டாரத்தில் நம்பமுடியாததாகலாம் என்று முன்னறிவிப்புகள் வருவது வழக்கம். அந்த நாளுக்காகவே எஃப்ஏஏ எல்லா விஓஆர் நிலையங்களையும் மூடாமல் ஒரு குறைந்தபட்ச வலையை வைத்திருக்கிறது. அரசே வைத்திருக்கும் காப்பை உரிமையாளர் எடுத்தெறிவதில் பொருளில்லை.

இந்த நிதானமான, படிப்படியான வழிக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று: பலகையைத் திறப்பதுதான் செலவு, திறந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே முறையில் போட்டுவிடுவதே சிக்கனம். இதில் உண்மை இருக்கிறது. பட்டறையின் கூலி பெரும்பாலும் கருவி விலைக்கு நிகராக நிற்கும். மூன்று முறை திறந்தால் மூன்று முறை கூலி. அதற்கு என் விடை, ஒரே முறை திட்டமிடு, பல முறை வாங்கு என்பது. முதல் முறை திறக்கும்போதே அடுத்த இரண்டு படிகளுக்கான ஒயர்களையும், ஆன்டெனா இடங்களையும், பலகைத் தகட்டின் வெட்டையும் முடித்துவிடலாம். கருவி பின்னால் வரலாம். பணத்தைத் தவணையாகப் பிரிக்கும் இந்த வழியில் இன்னொரு லாபம் உண்டு. ஒரு கருவியைக் கற்றுத் தேர்ந்த பிறகே அடுத்தது வரும். ஒரே நாளில் ஐந்து புதிய கருவிகளுக்கு முன் உட்காரும் அனுபவமுள்ள விமானி, அடுத்த பல மாதங்களுக்குத் தன் விமானத்தில் புதியவர்.

மாறாக, இதெல்லாம் எதற்கு, மடியில் ஒரு டேப்லெட் இருந்தால் போதாதா என்போரும் உண்டு. டேப்லெட் ஒரு நல்ல வரைபடம், நல்ல திட்டத்தாள். வெயிலில் சூடாகி அணையும், கொந்தளிப்பில் மடியிலிருந்து விழும், விமானத்தின் அதிகாரபூர்வ கருவியாக நிற்காது. வானிலைப் படத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது: தரை ரேடார்களைச் சேர்த்துத் தைத்து அனுப்பும் மழைப் படம், திரையில் ஐந்து நிமிடப் பழையது என்று காட்டினாலும், உள்ளே இருக்கும் தகவல் பதினைந்து இருபது நிமிடம் கூடுதல் பழையதாக இருக்கலாம் என்று 2012-ல் வாரியமே எச்சரித்தது. அதை நம்பி இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே நுழைந்தவர்கள் உண்டு. பலகையில் பதித்த திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விற்கும்போது பணம் திரும்பும் என்ற ஆறுதலையும் கைவிட வேண்டும். பலகைக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பும் என்பது இச்சந்தையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற உண்மை. சில திட்டங்களில் கருவிகளின் மொத்தச் செலவு விமானத்தின் விலையையே நெருங்கிவிடுகிறது. அதனால் அது முதலீடு அல்ல. தானும் தன் குடும்பமும் அடுத்த பத்தாண்டு பறக்கப் போகிற பலகைக்கான செலவு. இப்படி எண்ணினால்தான் எது தேவை, எது ஆசை என்பது பிரிந்து தெரியும். சட்டம் கேட்கும் செலவு ஒன்று எப்படியும் இருக்கிறது: 2020 ஜனவரி 1 முதல், பெருநகர விமான நிலையங்களைச் சுற்றிய முப்பது கடல்மைல் வட்டத்துக்குள்ளும், மற்ற சில வான்வெளிகளிலும் பறக்கத் தன் இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம். இன்னும் போடாதவர் அதையும் இந்தத் திட்டத்துக்குள் சேர்ப்பதே நல்லது. வால் விளக்குக்குள்ளேயே அடங்கும் கருவிகள்கூட வந்துவிட்டன.

பலகையின் அமைப்பை வாசகர்கள் அழகு விஷயமாக எண்ணிவிடக் கூடாது. கார்னஹான் விபத்து அதை உணர்த்துகிறது. பட்டறைக்கு விமானத்தை ஒப்படைக்கும் முன், ஒவ்வொரு கருவியின் உண்மை அளவுப் படத்தையும் அச்சிட்டு அட்டையில் ஒட்டி, பலகையின் மேல் வைத்து, இருக்கையில் பெல்ட்டோடு அமர்ந்து பார்ப்பது செலவில்லாத சோதனை. துணைத் தொடுவானம் தலையைத் திருப்பாமல் தெரிகிறதா, கொந்தளிப்பில் தொடுதிரையை விரலால் குறிவைக்க ஓரத்தில் கைபிடிக்க இடம் இருக்கிறதா, வானொலி அலைவரிசையை மாற்றத் திருகு இருக்கிறதா, இரட்டைக் கண்ணாடி அணிந்த அறுபது வயதுக்காரருக்கு எழுத்து எந்தக் கோணத்தில் தெளிகிறது, மாலை வெயில் எந்தத் திரையில் விழும் என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். கருவி வாங்கிய பிறகு தெரிந்தால் தகட்டைப் புதிதாக வெட்ட வேண்டும்.

வேலை முடிந்து விமானம் வெளியே வரும்போது கையில் கிடைக்கும் காகிதங்களும் பலகையின் பகுதி. மாற்றத்தைப் பதிவுசெய்யும் எஃப்ஏஏ-வின் 337 படிவம், திருத்திய எடைச்சமநிலைத் தாள், விமானக் கையேட்டில் சேர்க்கும் துணைப்பக்கங்கள், காற்றழுத்தக் கருவிகளுக்கும் டிரான்ஸ்பாண்டருக்கும் செய்த சோதனையின் பதிவு, காந்தத் திசைகாட்டிக்குப் புதிய திருத்த அட்டை. இவற்றோடு, உரிமையாளர் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டிய இன்னொன்று, புதிய ஒயர்களின் முழு வரைபடம்: எந்த ஒயர் எந்தப் பிரேக்கரிலிருந்து எந்தக் கருவியின் எந்த முனைக்குப் போகிறது என்பது. பல பட்டறைகள் கேட்காமல் தருவதில்லை. முதல் சில பறப்புகள் வெயில் நாளில், பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இருக்க நடக்கட்டும். உயரத்தில், பாதுகாப்பான இடத்தில், அந்த வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு பிரேக்கராக இழுத்து, பழுதுத் தாளில் எழுதியபடியே கருவிகள் அணைகின்றனவா, எழுதியபடியே மிஞ்சுகின்றனவா, பேட்டரிகள் சொன்ன நேரம் தாங்குகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். தாளும் விமானமும் ஒத்துப்போகாத இடம் ஒன்றாவது கிடைக்கும். அதைச் சரிசெய்ய விமானம் ஒரு முறை பட்டறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்பதையும் நாட்காட்டியில் இப்போதே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.